ஹெர்னியாவும் ஐந்து கிலோ கணக்கும்

ஹெர்னியா ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து இன்றோடு எட்டு நாள். நாற்காலியில் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் உட்கார முடிகிறது. போனில் விசாரிக்கிறவர்களிடம் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதிவிட்டால் நல்லது என்று தோன்றியது. என் வயதுக்காரர்களுக்கு உபயோகமாகவும் இருக்கும். ஆண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றாவது ஒரு நாள் இது வரும் என்கிறது மருத்துவக் கணக்கு. கோபாலசமுத்திரக் கரையில் காலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர். கணக்குப்படி என்னைத் தவிர இன்னும் ஒருவர் இருக்க வேண்டும். யாரென்று தெரியாது. இருந்தாலும் சொல்ல மாட்டார்.

இடம் அப்படிப்பட்டது. தொடை இடுக்கில் வருகிற வீக்கத்தை யாரிடம் காட்டுவது? தமிழில் குடலிறக்கம் என்று சரியான பெயர் இருக்கிறது. ஊர்ப்பக்கம் ஓதம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி, அதையும் மெதுவான குரலில் சொல்லி, பேச்சை மாற்றிவிடுவார்கள்.

விஷயம் சிக்கலானது அல்ல. ஆண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போது விதைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. பிறப்பதற்கு முன்பு அடிவயிற்றுச் சுவரில் ஒரு வழியாகக் கீழே இறங்குகின்றன. அந்த வழி அடைபட்டாலும் அந்த இடம் மற்ற இடம்போல் பலமாக இருப்பதில்லை. வயதாகித் தசை தளரும்போது, தீராத இருமல், மலச்சிக்கல், சிறுநீருக்கு முக்குவது, சுமை தூக்குவது என்று உள்ளேயிருந்து அழுத்தம் வந்துகொண்டே இருந்தால், கொழுப்போ குடலின் ஒரு மடிப்போ அந்த இடத்தில் பிதுங்குகிறது. நின்றால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போகும். வலியில்லாமல் வருடக்கணக்கில் இருக்கும். என்றைக்காவது வெளியே வந்தது உள்ளே போகாமல் இறுகிக்கொண்டால், அந்தக் குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றுவிடும். பிறகு மணிக்கணக்குத்தான்.

எனக்குத் தை மாதம் குளிக்கும்போது வலது பக்கம் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குத் தட்டுப்பட்டது. அடுத்த வாரமே டாக்டரிடம் போய்விட்டேன். தைரியசாலி என்பதால் அல்ல, என் பெரியப்பாவைப் பார்த்தவன் என்பதால்.

பெரியப்பா மாட்டுவண்டி வைத்திருந்தார். பேகம்பூர்ப் பக்கத் தோல் ஷாப்புகளில் இருந்து சரக்கு ஏற்றி இறக்குவார். அவருடைய அறையில் ஆணியில் ஒரு தோல் பெல்ட் தொங்கும். அதில் இரும்புப் பட்டையும் உருண்டையாக ஒரு மெத்தையும் இருக்கும். பிள்ளைகள் தொடக்கூடாது. அது எதற்கு என்று கேட்டால் அடி விழும். காலையில் படுத்தபடியே அதை இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பார். பெரியம்மாவைத் தவிர வீட்டில் யாருக்கும் விஷயம் தெரியாது. 1971-ல் ஒரு ராத்திரி வயிறு உப்பி வாந்தி எடுத்தார். அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். என்ன என்று அவரும் சொல்லவில்லை, பெரியம்மாவையும் சொல்ல விடவில்லை. விடிந்து மதுரைக்குக் கொண்டுபோய் வயிற்றைத் திறந்தபோது குடல் கறுத்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார். வயது ஐம்பத்திரண்டு. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஆபரேஷனைப் பற்றி எனக்கு யோசனையே இல்லை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். தலைமாட்டில் டாக்டரும் நர்ஸும் பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்று அங்குலத் தையல். சாயந்திரம் கால் மரப்பு தெளிந்ததும் எழுந்து நடக்கச் சொன்னார்கள். சிறுநீர் போன பிறகுதான் நாளைக்கு வீட்டுக்கு என்றார்கள். முதுகில் போடும் ஊசிக்குப் பிறகு அது சிலருக்கு அடைத்துக்கொள்ளுமாம். குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் வந்தது. அறுபத்தேழு வயதில் அதை ஒரு சாதனையாக மனைவியிடம் அறிவிக்க வேண்டியிருந்தது.

இனி வீட்டுக் கதை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்.எம். காலனி வீடு மூன்று கிலோமீட்டர். பதினொரு வேகத்தடை. இத்தனை வருடம் இந்த ஊரில் சைக்கிளும் ஸ்கூட்டரும் ஓட்டியவன், அன்றைக்குத்தான் எண்ணினேன். ஆட்டோக்காரர், "என்ன ஆபரேசன் அண்ணே?" என்றார். சொன்னேன். "எங்க மாமனுக்கும் அதுதான்" என்றவர், அதன்பிறகு முட்டை லோடு ஏற்றியதுபோல ஓட்டினார்.

முதல் இரண்டு நாள் கற்றுக்கொண்டதெல்லாம் எழுந்திருப்பது எப்படி என்பதைத்தான். நேராக எழுந்தால் தையல் இழுத்துப் பிடிக்கிறது. ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் தலையணையைத் தையல்மேல் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். இருமலைவிடத் தும்மல் மோசம், முன்கூட்டிச் சொல்லாமல் வருகிறது. என் மனைவி வரமிளகாய் தாளிக்கும்போதெல்லாம் "ஏங்க, கதவைச் சாத்திக்கங்க" என்று அடுப்படியில் இருந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் கடுகைப் போடுகிறாள்.

இரண்டாம் நாள் துணி மாற்றும்போது கொஞ்சம் பயந்துவிட்டேன். தையலுக்குக் கீழே விதைப்பை வரைக்கும் வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் நீலம் பாய்ந்திருந்தது. டாக்டருக்குப் போன் போட்டேன். உள்ளே கசிந்த ரத்தம் கீழே இறங்குவதால் அப்படித்தான் இருக்கும், இரண்டு வாரத்தில் தானாக மறையும், வேட்டியோடு மட்டும் இருக்காமல் இறுக்கமான உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள், ஐஸைத் துண்டில் சுற்றிப் பத்து நிமிடம் வையுங்கள் என்றார். காய்ச்சல் வந்தாலோ, தையலில் சீழ் வைத்தாலோ, வலி குறையாமல் கூடினாலோ உடனே வரச் சொன்னார். எதுவும் வரவில்லை. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பத்து நிமிடப் பயம் மிச்சமாகியிருக்கும் என்பதால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் பிரச்சினை மலம். வலி மாத்திரைகளில் சில வயிற்றைக் கட்டிவிடுகின்றன. முக்கினால் தையலுக்கு ஆகாது. அம்மாவுக்காகப் போட்ட மேல்நாட்டுக் கழிப்பறை இப்போது எனக்கு உதவியது. நடைக்கூட்டத்து நண்பர் ஒருவர் ஒரு சீப்புச் சிறுமலை மலைவாழைப்பழம் கொண்டுவந்தார். பார்க்க வற்றிப்போய் இருக்கும், தோலில் சுருக்கம் விழுந்த பிறகுதான் ருசி. ராத்திரி இரண்டு பழம், இசப்கோல், இரண்டு டம்ளர் வெந்நீர். நாலாம் நாள் காலை வீட்டில் நிம்மதி.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள். புளி சேர்த்தால் சீழ் பிடிக்கும். தக்காளி விதை ஆகாது. கத்தரிக்காய் அரிப்பு. ஆட்டுக்கால் சூப் குடித்தால் தையல் கூடும். கறியே கூடாது என்றார் ஒருவர். அவர் போன பிறகு வந்தவர், கறி சாப்பிடாமல் எப்படிப் புண் ஆறும் என்றார். எல்லோர் சொல்வதையும் கேட்டால் மிஞ்சுவது வெந்நீர்தான். டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்று: எதையும் சாப்பிடலாம், மலச்சிக்கல் மட்டும் கூடாது.

படுத்தே கிடக்காதீர்கள் என்றும் சொல்லியிருந்தார். ஒரு காலத்தில் இதற்கு வாரக்கணக்கில் படுக்கையில் வைத்திருப்பார்களாம். அது தவறு, எழுந்து நடந்தால்தான் நல்லது என்பதைப் பிடிவாதமாகச் செய்துகாட்டியவர்களில் கனடாவின் ஷோல்டைஸ் என்ற டாக்டர் ஒருவர். 1945-ல் டொராண்டோவில் ஹெர்னியாவுக்கென்றே ஆஸ்பத்திரி தொடங்கி, நோயாளிகளைச் சீக்கிரமே எழுப்பி நடக்கவிட்டார். நானும் காலையும் மாலையும் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். ஆறாம் நாள் ஒவ்வொரு படியாக மொட்டைமாடிக்கு ஏறினேன். மலைக்கோட்டை அங்கேயே இருந்தது.

நடக்கலாம், படி ஏறலாம், சாப்பிடலாம். தூக்கத்தான் கூடாது. ஒரு மாதத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது, கனமானது ஆறு வாரத்துக்குக் கூடாது என்று எனக்குச் சொன்னார். டாக்டருக்கு டாக்டர் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும்.

அதன் பிறகுதான் வீட்டில் எதுவுமே ஐந்து கிலோவுக்குள் இல்லை என்று தெரிந்தது. தண்ணீர் கேன் இருபது லிட்டர், அதாவது இருபது கிலோ. சிலிண்டரில் கேஸ் மட்டும் 14.2 கிலோ, இரும்பையும் சேர்த்தால் முப்பதுக்குக் கிட்ட வரும். அரிசிச் சிப்பம் இருபத்தைந்து. ஈரத்துணி நிறைந்த பக்கெட் பத்தாவது இருக்கும். பேத்தி பதினொன்று. அவள் வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். தாத்தா குனியவில்லை. இரண்டாவது தடவையும் நின்றுவிட்டு, அழாமல் பாட்டியிடம் போய்விட்டாள். தையல் வலித்ததைவிட அது வலித்தது.

கேனைக் கவிழ்ப்பது எப்போதும் என் வேலை. ஐந்தாம் நாள் மதியம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதுக்காரி கேனைத் தொடையில் சாய்த்து ஏற்றுவதைக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "விடு, கடைப்பையன் வரட்டும்" என்றேன். "அவன் வர்றதுக்குள்ள சாயந்திரம் ஆயிரும். அந்தக் காலத்துல இந்த ஊருல நான் தூக்காத கொடமா?" என்றாள். அது உண்மை. திண்டுக்கல்லில் தண்ணீர்க் கஷ்டத்தோடு குடித்தனம் நடத்திய பெண்களின் இடுப்பு தூக்கிய கனத்தை எந்தத் தராசு நிறுத்தது?

சும்மா படுத்திருந்ததில் என் வயிற்றுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். 1880-களில் இத்தாலியின் படுவா நகரில் பஸ்ஸினி என்ற சர்ஜன், பிதுங்கியதை உள்ளே தள்ளித் தசைகளை அடுக்கடுக்காகச் சேர்த்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நூறு வருடம் உலகம் அதைத்தான் செய்தது. இழுத்துத் தைத்த தசை இழுபட்டுக்கொண்டே இருக்கும், சிலருக்கு மறுபடி விட்டுப்போகும். அமெரிக்காவில் லிக்டென்ஸ்டீன் என்பவர், தசையை இழுக்காமல் மேலே ஒரு வலையை வைத்து ஒட்டுப்போடும் முறையை 1989-ல் வெளியிட்டார். எனக்குச் செய்ததும் அதுதான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வலை. பாலிப்ரொப்பிலீன். சிமெண்டு மூட்டைச் சாக்கு நெய்கிற அதே பிளாஸ்டிக்.

அந்த வலை விலை அதிகமாக இருந்த காலத்தில், மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்ற சிறிய ஊரில் டாக்டர் தோங்காவ்கர் என்பவர், கொசுவலைத் துணியை வெட்டிக் கிருமிநீக்கம் செய்து வைத்துத் தைத்தார். விலையில் மிகச் சிறு பங்குதான் ஆனது. 2003-ல் மற்ற டாக்டர்களோடு சேர்ந்து அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். பிறகு உகாண்டாவில் 302 பேரை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2016-ல் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில், கொசுவலைத் துணி வைத்தவர்களுக்கும் கம்பெனி வலை வைத்தவர்களுக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆக, ஏழைக்கும் எட்டும்படியான வைத்தியம் ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

அன்று சாயந்திரமே அந்தச் சந்தோஷத்துக்கு ஒரு கேள்வி வந்தது.

பின்தெருவில் வெங்காயப்பேட்டை லோடுமேன் ஒருவர் இருக்கிறார். அவர் பையனாக இருந்தபோதிலிருந்து பழக்கம். வயது நாற்பத்தைந்து இருக்கும். ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். என் மனைவி காபி போட உள்ளே போகும்வரைக்கும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போனதும் நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். ரொம்ப வலிக்குமா?"

"ஏன்ப்பா?"

"எனக்கும் இருக்குண்ணே. மூணு வருசமாச்சு. மூட்டையை ஏத்துறப்ப மூச்சப் புடிச்சா வெளிய வந்துரும். எறக்கி வச்சிட்டு, சாக்கு அடுக்குக்குப் பின்னாடி போயி உள்ள தள்ளிட்டு வந்துருவேன்."

உள்ளே இறுக்கமாக லங்கோடு கட்டியிருப்பதாகச் சொன்னார். எனக்கு ஆணியில் தொங்கிய பெல்ட் ஞாபகம் வந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையா?"

"போனேண்ணே. பெரியாஸ்பத்திரியிலதான் காட்டுனேன். ஆபரேசனுக்குக் காசு கெடையாது, அட்மிசன் போட்டுக்கன்னாங்க. எத்தன நாள்ல வேலைக்குப் போலாம்னு கேட்டேன். ஒன்றரை மாசம் மூட்ட தூக்கக் கூடாதுன்னாங்க. வந்துட்டேன்."

ஒரு நாளைக்குச் சராசரி எண்ணூறு ரூபாய், நாற்பத்தைந்து நாள், நீங்களே கணக்குப் போடுங்கள் என்றார். போட்டேன். முப்பத்தாறாயிரம். குழுக் கடனும் மகளின் காலேஜ் பீஸும் அதிலிருந்துதான்.

இத்தனை நாள் நான் நினைத்திருந்தது ஆபரேஷன்தான் செலவு என்று. அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறந்த பதினொரு மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று, சர்ஜனுக்கும் குறைவில்லை. விலை ஓய்வுக்குத்தான். நான் தபால் இலாகாவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன். இந்த வாரம் முழுக்க நான் மல்லாந்து கிடந்தாலும் மாதம் பிறந்தால் பென்ஷன் வந்துவிடும். இந்தப் பக்கத்து நூல்மில்லில் வேலை பார்க்கிறவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், நோய்க்காலத்தில் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள் வரைக்கும் கிடைக்கும். 1948-ஆம் வருடச் சட்டத்தில் வந்த வசதி. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் அதற்குள் வரமாட்டார். அறுபது கிலோ மூட்டை என்றார். ஒரு ஆள் தூக்க அதிகபட்சம் 55 கிலோதான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது. அதைச் சொன்னேன். சிரித்தார். "மூட்டைக்கு அது தெரியாதேண்ணே."

பெரியப்பா கதையைச் சொன்னேன். குறைக்காமல் சொன்னேன். வெளியே வந்தது உள்ளே போகாமல் கல்லுப்போல இறுகினாலோ, வலியோடு வாந்தி வந்தாலோ, ராத்திரி பன்னிரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிதான், ஓமத் தண்ணீர் இல்லை என்றேன். அந்த நேரத்தில் போனால் நாற்பத்தைந்து நாளோடு போகாது என்பதையும் சொன்னேன். காபி வந்தது. இரண்டு பேரும் மறுபடி மழையைப் பற்றிப் பேசினோம்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "ஏப்பா, பேட்டையில தூக்காத வேலை ஒன்னுமே இல்லையா?" என்று கேட்டேன். சாக்கு வாய் தைக்கிறது இருக்கிறது, ஆனால் அது வயசாளிகள் செய்வது, பங்கும் கம்மி என்றார். உன் மேஸ்திரியிடம் கேட்டுப் பார் என்றேன். அவரிடம் காரணம் சொல்ல வேண்டுமே என்று தயங்கினார். "சொல்லு. எட்டுப் பேர் செட்டுன்னா உன்னைத் தவிர இன்னொருத்தனுக்கும் இருக்கும்" என்றேன்.

நேற்று ராத்திரி போன் வந்தது. "அண்ணே, மேஸ்திரிகிட்டச் சொல்லிட்டேன். ரெண்டு வாரம் வீட்டுல இரு, அப்புறம் ஒரு மாசம் சாக்குத் தையி, பாதிப் பங்கு தர்றேங்கிறாரு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவருக்கும் இருந்துச்சாம்ணே, பத்து வருசம் முந்தி பண்ணிக்கிட்டாராம். யார்ட்டயும் சொல்லல" என்றார்.

பாதிப் பங்கு போதாது என்பது எனக்கும் தெரியும். மீதிக்கு என்ன செய்யலாம் என்று நானும் என் மனைவியும் பேசிவைத்திருக்கிறோம், அது இங்கே எழுதுகிற விஷயம் இல்லை. வருகிற திங்கட்கிழமை அவரை வெளிநோயாளிச் சீட்டு எடுக்கக் கூட்டிப்போகிறேன். ஸ்கூட்டர் இன்னும் கூடாது, ஆட்டோதான். வரிசையில் உட்கார வேண்டியிருக்கும். இருமல் வந்தால் பிடித்துக்கொள்ளச் சின்னத் தலையணை ஒன்றைப் பையில் போட்டுவைக்கச் சொல்லியிருக்கிறேன். அது ஐந்து கிலோவுக்குள்தான்.